ஐந்தாவது பாட்டில் ஒரு திருடி

ஜூன் 4

பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்ணுக்கு,

பொட்டலத்தின் மேல் அனுப்புநர் இடத்தில் 'ஊசி' என்று மட்டும் எழுதியிருந்தாய். "இது பேரா, எச்சரிக்கையாம்மா?" என்று தபால்காரர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

சி.டி. உடையாமல் வந்து சேர்ந்தது. "முழுசா கேளுங்க ஆன்ட்டி" என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். கேட்டேன். வரிகளை அச்சிட்டிருந்த சிறு புத்தகத்தையும் பென்சிலும் கையுமாகப் படித்தேன். எழுத்துப் பிழைகளைத் தனித்தாளில் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் உனக்கு ஆன்ட்டி அல்ல. என் மகன் உங்கள் குழுவில் பாடுகிறான் என்பதைத் தவிர நமக்குள் ஒரு தொடர்பும் இல்லை. அவனுக்கும் உனக்கும் வேறு தொடர்பு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். அவன் எனக்கு எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் அப்பா இறந்த மூன்றாம் மாதம் வங்கி வேலையை விட்டுவிட்டதாக ஒரு கடிதம் எழுதினான். பிழை திருத்தி அவனுக்கே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டு, 'நில்'.

"ஞாயிறு காலை நிற்கச் சொன்னாய்
கையைத் தூக்கு, திரும்பு என்றாய்
தப்பு எங்கே என்று தேடினாய்
என் முகத்தை நீ பார்க்கவே இல்லை."

கான்வென்டில் எங்களுக்குச் செய்யுள் நடத்திய சிஸ்டர், எந்தப் பாட்டையும் மூன்று கேள்வி கேட்காமல் விடமாட்டார். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார்? பதில் கிடைத்துவிட்டால் பொருள் தானாக வெளியே வரும் என்பார். யார் சொல்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியாதா? யாரிடம் என்பதிலும் இல்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும் முன் அவனை நிற்க வைத்து நகம், காலர், காதுமடல் எல்லாம் பார்த்தவள் நான். எதற்காக என்பதுதான் மிச்சம். ஊரைக் கூட்டி என்னைக் கல் என்று சொல்ல. வேறெதற்கு?

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் நர்ஸ், ஜன்னல் வழியே கேட்டுவிட்டு இறங்கி வந்தாள். "பாட்டு சூப்பர்ங்க. ஆனா அந்த அம்மா யாரோ, சரியான கல்நெஞ்சக்காரி!" என்றாள். அப்போது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

நீ இதை நல்லெண்ணத்தில் அனுப்பினாய் என்று நம்ப எனக்கு வழியில்லை. அடித்துவிட்டு, 'வலிக்கிறதா' என்று விசாரிக்க வந்தது போலிருக்கிறது. ஜூலை 12 அன்று எங்கள் தெருக்கோடி அரங்கத்தில் நீங்கள் பாடப்போவதாகச் சுவரொட்டி பார்த்தேன். அவன் வீட்டுக்கு வருவதானால் அந்தப் பாட்டின் பொருளை என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். இல்லாவிட்டால் படியேற வேண்டாம். இதை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

இப்படிக்கு,
உங்கள் பாடகனின் தாய்


ஜூன் 11

மேடம்,

ஆன்ட்டி வேண்டாம் என்றீர்கள். சரி.

பிழைத்தாளுக்கு நன்றி. டிரம்ஸ்காரனிடம் மட்டும் காட்டினேன். "யாருடி இது? நம்ம ஸ்கூல் தமிழ் டீச்சர் இன்னும் ரிட்டயர் ஆகலையா?" என்றான். யார் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கும் தெரியாது. தெரிந்தால் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவான். இல்லை, அவனே போய்விடுவான். இரண்டில் எது என்று தெரியாததால்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் இன்னொரு சந்தேகத்துக்குப் பதில்: போன மாதம் ஒரு ஒயருக்காகச் சண்டை போட்டு, நானும் அவனும் ஒரு வாரம் பேசவில்லை. எங்கள் நெருக்கம் அவ்வளவுதான்.

பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது மேடம். அது எங்கள் வழக்கம். 'வரிகள்: பழைய ஃப்ரிட்ஜ்' என்று குழுவின் பெயரைத்தான் போடுவோம், ஆள் பெயர் போடமாட்டோம். கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இணையத்தில் போய்ப் பாருங்கள், ஐந்தாவது பாட்டு மட்டும் எத்தனை அவதாரம் எடுத்திருக்கிறது என்று. போதைப் பழக்கம் என்கிறார் ஒருவர். ஆவி என்கிறார் ஒருவர். ஒரு மாணவர் அது அரசாங்கத்தைப் பற்றியது என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். நாங்கள் யாரையும் மறுத்ததில்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை. நான் பகலில் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஒருவர் போட்டுப் பார்த்துத் தெளிவாக இருக்கிறது என்பார், அதே கண்ணாடி அடுத்தவருக்குத் தலைவலி. பாட்டும் அப்படித்தான்.

ஆனால் நீங்கள் மூன்றாவது பாட்டோடு நின்றுவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். 'முழுசா கேளுங்க' என்று சும்மா எழுதவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. பொருள் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினீர்களா? இல்லை, அவனுக்கு ஒரு வலி வைத்து, பழையபடி வங்கி நாற்காலிக்கு இழுக்கவா?

ஊசி


ஜூன் 15

ஊசிக்கு,

உன் கையெழுத்தைக் கவனித்தேன். 'ழ'வின் வாலை என் மகனைப் போலவே சுருட்டுகிறாய். அவன் சொல்லச் சொல்ல நீ எழுதுகிறாயோ என்று நினைக்க இடமிருக்கிறது. வேலைக்குப் போன காலமெல்லாம் அதிகாரிகளுக்குச் சுருக்கெழுத்து எடுத்தவள் நான். ஒருவர் வாயிலிருந்து வந்து இன்னொருவர் கையால் எழுதப்படும் வாக்கியத்துக்கு ஒரு வாசனை உண்டு.

பொருள் சொல்லமாட்டேன் என்கிறாய். பொருள் இருப்பவர்கள் சொல்வார்கள். இல்லாதவர்கள் அதற்கு வழக்கம் என்று பெயர் வைப்பார்கள். ஓடாத ஃப்ரிட்ஜைக் குழுவின் பெயராக வைத்துக்கொண்டவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது என் தவறு.

முழுவதும் கேட்கவில்லை என்கிறாய். ஐந்தாவது பாட்டையே எடுத்துக்கொள்வோம். நீ பாடுவது.

"இரண்டு தட்டு தட்டுவாள்
ஒரு மூச்சு நிற்பாள்
யாருமில்லை என்று தெரியும்
அப்புறம்தான் உள்ளே போவாள்."

யார் சொல்கிறார்? நீ. யாரிடம்? யாரிடமும் இல்லை. ஒருத்தியை மறைந்து நின்று பார்த்துவிட்டு உனக்கு நீயே முணுமுணுக்கிறாய். எதற்காக? இங்கேதான் உன் ரசிகர்கள் போதை, ஆவி, அரசாங்கம் என்று சுற்றி வளைக்கிறார்கள். வரியை வரியாகப் படித்தால் போதும். ஒருத்தி கதவைத் தட்டுகிறாள். பதில் வருகிறதா என்று நிற்கிறாள். ஆளில்லை என்று உறுதியானதும் நுழைகிறாள். இப்படிச் செய்கிறவளுக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர்தான் - திருடி. ஆளில்லாத இடம் என்று தெரிந்தும் தட்டுகிறாள் என்றால், ஒன்று கள்ளி, இல்லாவிட்டால் புத்தி பிசகியவள். உன் குரலில் வழியும் இரக்கத்தைப் பார்த்தால், நீ அவளுக்கு உடந்தை என்றே படுகிறது.

நல்ல பாட்டுதான், ராகத்தைச் சொல்கிறேன். விஷயம்தான் சரியில்லை.

வங்கி நாற்காலிக்கு அவனை இழுப்பதாகக் கேட்டாய். நான் யாரையும் இழுப்பதில்லை. போகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. இங்கே வேறு வேலை இருக்கிறது. வேண்டாத சாமான்களைக் கழிக்கிறேன். அவன் அப்பாவின் சாய்வு மேசையைப் போன வாரம் விற்றுவிட்டேன். நில அளவை அலுவலகத்துக்காக அவர் வரைபடம் வரைந்த மேசை. இனி யாருக்கு?

பாடகனின் தாய்


ஜூன் 20

மேடம்,

என் 'ழ' என்னுடையது. மூன்றாம் வகுப்பில் பிரம்படி வாங்கிக் கற்றது. யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் வைத்துப் படித்தேன். "என்னாச்சு, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" என்று முதலாளி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு ஒரு லென்ஸைத் தவறாகத் தேய்த்து வீணாக்கினேன்.

திருடி என்றா எழுதினீர்கள்? புத்தி பிசகியவள் என்றா? எத்தனையோ ஊர்களில் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறேன். குடித்துவிட்டுக் கூச்சல் போடுகிற கூட்டம்கூட அந்த இடத்தில் அமைதியாகிவிடும். யாருமே அவளை அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்களிடமிருந்துதான் அது வர வேண்டும் என்று இருந்திருக்கிறது.

மேசையை எதற்கு விற்றீர்கள்? கேட்க எனக்கு உரிமையில்லை, தெரியும். மேசை போன பிறகு அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது? மூடியே வைத்திருக்கப் போகிறீர்களா?

இதை உங்கள் மகனிடம் சொல்லவில்லை. அவனுக்கு அரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை போட்டாகிவிட்டது. சொன்னால் அங்கேகூட வரமாட்டான்.

இனி எழுதமாட்டேன். அனுப்பியது என் தப்பு.

ஊசி


ஜூன் 23

ஊசிக்கு,

எழுதத்தான் போகிறாய். இதற்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

எந்தக் கதவு?

மேசை என்றுதான் நான் எழுதினேன். நான் எழுதும் கடிதத்துக்கெல்லாம் நகல் வைத்துக்கொள்வேன். எடுத்துப் பார்த்துவிட்டேன். அதில் அறை இல்லை, கதவு இல்லை. மேசை கூடத்தில் இருந்திருக்கலாம், ஜன்னலோரம் இருந்திருக்கலாம். அது ஒரு அறைக்குள் இருந்தது, அந்த அறைக்கு ஒரு கதவு உண்டு, அது மூடியே இருக்கும் - இதெல்லாம் இந்த வீட்டுப் படியை மிதிக்காத உனக்கு எப்படித் தெரியும்?

மேசையை நான் விற்கவில்லை. அவன் உன் முதுகுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் படிக்கிறானா என்று பார்ப்பதற்காக எழுதினேன். படித்திருந்தால் அன்றைக்கே போன் அடித்திருப்பான். அடிக்கவில்லை. அந்த மட்டில் நீ சொன்னது உண்மை. ஆனால் நான் ஒன்றுக்குப் போட்ட தூண்டிலில் வேறொன்று மாட்டியிருக்கிறது.

அவன் என் வீட்டைப் பற்றி உன்னிடம் என்ன சொல்லியிருக்கிறான்? ஒன்றுவிடாமல் எழுது.

பாடகனின் தாய்


ஜூன் 29

மேடம்,

உங்களை மாதிரி ஒருவர் போலீஸில் இருந்திருந்தால் நாட்டில் ஒரு கேஸ்கூட மிஞ்சியிருக்காது.

சொல்கிறேன். சொன்னால் வழக்கத்தை மீறினவள் ஆவேன். குழுவில் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது. ஆனால் நீங்கள் அவளைத் திருடி என்று எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வழக்கம் இதுதான்: எழுதியவர் பாடக்கூடாது. ஆரம்பத்தில் உங்கள் மகன் தான் எழுதியதைத் தானே பாடப் பார்த்தான். ஒரு மேடையில் பாதிப் பாட்டில் பாட முடியாமல் நின்றுவிட்டான். வெறும் டிரம்ஸ் மட்டும் ஓடியது. அன்றைக்கு டிரம்ஸ்காரன் சொன்னான்: "தான் எழுதினதைத் தானே பாடினா ஒண்ணு அழுகை வரும், இல்ல நடிப்பு வரும். மாத்திப் பாடுங்கப்பா." அன்றிலிருந்து என் வரிகளை அவன் பாடுகிறான், அவன் வரிகளை நான் பாடுகிறேன். வெளியே சொல்வதில்லை.

உங்கள் சிஸ்டரின் முதல் கேள்வியிலேயே நீங்கள் வழுக்கிவிட்டீர்கள் மேடம். குரல்தான் உங்கள் பிள்ளையுடையது.

'நில்' நான் எழுதியது. என் அம்மா தையல்காரர். ஊசி என்ற பெயர் அப்படி வந்தது. பங்களா வீட்டு அம்மா ஒருவர் தன் மகளுக்கு எங்களிடம்தான் தைக்கக் கொடுப்பார். அந்தப் பெண் என் உயரம், என் பருமன். அவளை வரவழைத்து அளவு பார்க்கச் சங்கடம் என்று, ஞாயிறு காலையில் அம்மா என்னை நிற்க வைத்து அவள் சட்டையை மாட்டுவார். கையைத் தூக்கு, திரும்பு. எங்கே சுருக்கம் விழுகிறது, எங்கே இழுக்கிறது என்று பார்ப்பார். குண்டூசி குத்தினாலும் சட்டையில் ரத்தம் படக்கூடாதே என்றுதான் பதறுவார். பிறகு கழற்றி மடித்துவிடுவார். ஒரு சட்டைகூட என்னுடையது இல்லை. என் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டில் அவ்வளவுதான் இருக்கிறது. உங்கள் நகமும் காலரும் அதில் எங்கேயும் இல்லை.

அந்த ஐந்தாவது பாட்டு அவன் எழுதியது.

நான் பாட வேண்டும் என்பதால் எங்கிருந்து வந்தது என்று என்னிடம் மட்டும் சொன்னான். அப்பா போன பிறகு வீட்டில் இருந்தபோது, ஒருநாள் அந்த அறைக்குள் நின்று அப்பாவின் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். வெளியே இரண்டு தட்டு. 'ம்' என்று சொல்ல வாய்வரை வந்ததாம், அப்பா சொல்கிற மாதிரி. சொல்லவில்லை. நீங்கள் உள்ளே வந்து, செருப்போடு நிற்கிறான் என்று திட்டினீர்களாம். தான் உள்ளே இருப்பது தெரிந்துதான் தட்டினீர்கள் என்று நினைத்திருக்கிறான். மறுநாள் அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். உள்ளே யாருமே இல்லை. நீங்கள் வந்தீர்கள். தட்டினீர்கள். நின்றீர்கள். பிறகு போனீர்கள். அதற்கடுத்த நாளும். "அம்மாவுக்கே தெரியல அவங்க அதப் பண்றது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிட்டான்.

அதைக் கேட்பீர்கள் என்றுதான் சி.டி. அனுப்பினேன். நீங்கள் இல்லாத பாட்டில் உங்களையே கண்டுபிடித்தீர்கள். இருக்கிற பாட்டில் திருடியைக் கண்டுபிடித்தீர்கள்.

ஊசி


ஜூலை 3

ஊசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

உன் அம்மாவின் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பாட்டைப் பற்றி அப்படி எழுதியிருக்கமாட்டேன்.

மற்றதை நான் ஏற்கவில்லை. என் வீட்டில் என் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாதா? சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நேற்றுக் காலை அந்த அறைக்கு நேராகப் போனேன், கைப்பிடியைத் திருப்பினேன், உள்ளே போனேன். தட்டவில்லை. மாலையிலும் போனேன். தட்டவில்லை. துக்க வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இல்லாததையெல்லாம் பார்ப்பார்கள். அதிலும் பாட்டெழுதுகிறவர்கள்.

இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்தை முடித்துக்கொள்வோம்.

பாடகனின் தாய்


ஜூலை 8

ஊசிக்கு,

முடித்துக்கொள்வோம் என்று எழுதியவளே மறுபடி எழுதுகிறேன். இதைக் கேலி செய்யாதே.

நேற்று மதியம் திடீரென்று மழை. அறை ஜன்னல் திறந்திருந்தது நினைவுக்கு வந்து ஓடினேன். மேசை நனைந்தால் பலகை உப்பிவிடும். ஓடும்போது யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இந்த மழையில் யார் என்று நின்று, "யாரது?" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தேன். வாசலில் யாரும் இல்லை. கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு மாடிப்படியில் நின்ற நர்ஸ்தான் பதில் சொன்னாள். "நீங்கதான தட்டினீங்க? தினமும் கேக்குமே ஆன்ட்டி. உள்ள யாரோ பெரியவர் படுத்திருக்கார்னு நெனச்சுதான் நான் பாட்டைக்கூட மெதுவா வைப்பேன்."

என் கை இன்னும் கதவின் மேல்தான் இருந்தது.

சோதித்துப் பார்ப்பதற்காகப் போனபோது கைக்குத் தெரிந்திருந்தது. மழைக்காக ஓடியபோது தெரியவில்லை. அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். மேசை நனையவில்லை.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பிறப்பதற்கு முன்பே வந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் தட்டாமல் கதவைத் திறந்துவிட்டேன். அவர் திடுக்கிட்டுத் திரும்ப, மையில் வரைந்துகொண்டிருந்த ஆறு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கரையைத் தாண்டிப் போய்விட்டது. பல நாள் உழைத்த தாள். அவர் புதுத் தாளை எடுத்து மாட்டினார். அன்றிலிருந்து நான் தட்டாமல் அந்த அறைக்குள் போனதில்லை.

இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

லாட்ஜ் அறையை ரத்து செய்யச் சொல். இங்கே படுக்கை தட்டிப் போட்டிருக்கிறது. அவன் என்னிடம் எந்தப் பாட்டுக்கும் பொருள் சொல்ல வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். வங்கியைப் பற்றியும் பேசமாட்டேன். இந்த ஒன்றைக் காப்பாற்ற நான் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும், ஆனால் காப்பாற்றுவேன். நீ எனக்கு எழுதியதை அவனிடம் நீயாகச் சொல்லும் வரை, நானாகச் சொல்லமாட்டேன். நீயும் டிரம்ஸ்காரரும் சாப்பிட வாருங்கள். செருப்பை வெளியே விடுங்கள்.

அரங்கத்துக்கு வருகிறேன். நர்ஸ் கூட்டிக்கொண்டு வருகிறாள். சத்தம் தாங்காவிட்டால் நடுவில் எழுந்து போவேன், தப்பாக நினைக்காதே. ஐந்தாவது பாட்டு முடியும் வரை இருப்பேன்.

அந்தப் பாட்டில் ஒரு திருத்தம் இருக்கிறது. எழுத்துப் பிழை அல்ல, அதனால் முதல் தாளில் குறிக்காமல் விட்டிருந்தேன். "ஒரு மூச்சு நிற்பாள்" என்று பாடிவிட்டு நீ உடனே அடுத்த வரிக்குப் போய்விடுகிறாய். அவ்வளவு சீக்கிரம் உள்ளே போகக்கூடாது. தட்டும் நேரத்தில் கோடு பாதியில் இருந்தால், அவர் அதை முடித்துவிட்டுத்தான் 'ம்' என்பார். டிரம்ஸ்காரரிடமும் சொல், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கட்டும். அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்க நேரம் வேண்டும்.